பங்களாவிலிருந்து ஒரு அறுப்பு

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது வயலில் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. தை மாதம், பிறந்த நட்சத்திரம், திருக்கடையூரில் காலை முகூர்த்தம் என்று மகள் கயல்விழி போனில் சொல்லிக்கொண்டே போக, காத்தாயி மனசுக்குள் வேறு கணக்குப் போட்டாள். பால் பிடித்த பொன்மணி நெல் முற்றிப் பழுத்துத் தலை சாய்க்கிற நேரமும் இந்த முகூர்த்தமும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் புருஷன் இளையபெருமாள் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் வடிகாலை வெட்டிவிடப் போன மனுஷர், மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வயலில் நின்ற ஓரகத்தி ராஜாத்திதான் ஓடிப்போய்த் தாங்கினாள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் காத்தாயியைத் தனியாக அழைத்தார். மண்வெட்டியைத் தொடக்கூடாது, இந்தப் போகம் முடியும்வரை வயல் பக்கமே போகக்கூடாது என்பதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னவர், ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னார். மனசு பதறுகிற மாதிரி எந்தச் செய்தியையும் அவர் காதில் போடாதீர்கள் என்றார். விவசாயிக்கு மனசு பதறாத செய்தி என்று எது இருக்கிறது என்று அவரைத் திருப்பிக் கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

திருவாரூருக்குத் தெற்கே கீழச்செறுவூரில் அவர்களுக்கு ஏழு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேல். இளையபெருமாளின் அப்பா அடுத்தவர் பண்ணையில் ஆளாக நின்று உழுத அதே வெளியில்தான் அது இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார். அதனால் ஏழு மாவும் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. படுக்கையில் கிடந்தபோதும் சாயங்காலமானால் விசாரணை தொடங்கிவிடும். தண்ணி எவ்வளவு நிக்குது, களை எடுத்தாச்சா, மேலுரம் போட்டாச்சா, பயிர் பச்சை கட்டியிருக்கா. எல்லாவற்றுக்கும் காத்தாயி ஒரே பதிலை வைத்திருந்தாள். கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார் என்பாள்.

பொய்தான். கொழுந்தன், அதாவது ராஜாத்தியின் புருஷன், கார்த்திகையிலேயே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வீட்டு வயலையும் இரண்டு பொம்பளைகள்தான் பார்த்துக்கொண்டார்கள். விடிந்ததும் கறவை மாட்டுக்குப் புல் அறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காத்தாயி போவாள். போனவள் தண்ணீர் கட்டுவாள், வரப்பில் எலிப்பொந்தை மிதித்து அடைப்பாள், மருந்து அடிப்பாள். வாய்க்காலிலேயே காலைக் கழுவிக்கொண்டு, நிஜமாகவே ஒரு கட்டுப் புல்லையும் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

ஓட்டல் யோசனை பிள்ளைகளுடையது. கயல்விழி திருவாரூரில் கல்லூரி ஆசிரியை. மகன் இளம்பரிதி ஓசூரில் என்ஜினீயர். முகூர்த்தம் முடிந்ததும் அப்பாவை ஊருக்குக் கூட்டிப்போனால் வேட்டி மாற்றுவதற்கு முன்னாலேயே வயலுக்குப் போய் நிற்பார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் முதல் நாளே போய் இறங்கி, முகூர்த்தத்துக்கு மறுநாள்தான் திரும்புவது என்று ஏற்பாடு. மயிலாடுதுறைக்குக் கிழக்கே காவிரிக் கரையில், வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களைப் புதுப்பித்து நட்சத்திர ஓட்டலாக நடத்துகிறார்களாம். இளையபெருமாள் முடியவே முடியாது என்றார். கதிர் பழுக்கிற நேரத்தில் எவனாவது ஓட்டலில் போய்ப் படுப்பானா என்றார். கடைசியில் கயல்விழி அழுதுவிட்டாள். மகள் அழுதால் அவருக்குப் பேச்சு வராது. போனை இரண்டு நாளைக்கு இளம்பரிதியிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனைக்கும் அந்த ஈரத்திலேயே ஒப்புக்கொண்டார்.

அறுப்பு மிஷினுக்குக் கூத்தாநல்லூர் ஜாஃபர் சாதிக்கிடம் முன்பே சொல்லியிருந்தது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் கழித்து அவர்கள் முறை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வானத்தைத் தவிர.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய் இறங்கினார்கள். ஓட்டலில் நான்கு வீடுகள். ஆற்றுத் தண்ணீரை அளந்து பங்கு பிரிக்க வந்த வெள்ளைக்கார என்ஜினீயர்களுக்காகக் கட்டியவை. பிறகு சர்க்காரின் சாமான் கிடங்காக இருந்து, வௌவாலுக்கும் பாம்புக்கும் விட்டுப்போய், இப்போது மறுபடியும் வெள்ளை அடித்துப் பச்சைக் கதவு போட்டு நின்றன. சுற்றிலும் அகலமான வராண்டா. தேக்கு உத்தரம் ஓடிய கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. கைத்தறிப் புடவை கட்டிய வானதி என்ற பெண் எல்லோருக்கும் சந்தனம் வைத்து, முகம் துடைக்கச் சில்லென்று ஒரு துண்டு கொடுத்து, நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். கூடவே வந்து அறைக் கதவைத் திறந்துவிட்டாள். காத்தாயி செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுச் சிவப்புத் தரையில் கால் வைத்தாள். வழவழவென்று குளிர்ந்து கிடந்தது. அங்கேயே முந்தானையை விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. கட்டில்தான் பயமாக இருந்தது. ஏறுவதற்கே சின்ன முக்காலி ஒன்று போட்டு வைத்திருந்தார்கள்.

சுவரில் பெரிதாக ஒரு பழைய போட்டோ. வரிசையாகக் குனிந்து நடவு நடுகிற பெண்கள். ஒருத்திக்கும் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

இளையபெருமாள் அதை வெகுநேரம் பார்த்தார். "நம்ம சனத்தத்தான் மாட்டி வச்சிருக்கானுவ," என்றார். பிறகு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போனார். நடக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருந்ததால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

அவர் தலை மறைந்ததும் ராஜாத்தி போன் பண்ணினாள். கடலில் காற்றழுத்தம் உருவாகியிருப்பதாக டிவியில் சொல்கிறார்கள், நாளைச் சாயங்காலத்திலிருந்து கனமழையாம் என்றாள். வயலில் கதிர் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. ஒரு மழை அடித்தால் சாய்ந்துவிடும், இரண்டாம் நாள் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும். காத்தாயிக்குத் தெரியாததில்லை.

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அது ஊரில் அவர்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிசு. நடுவில் நான்கு கால் ஊன்றி, யானைத்தொட்டி மாதிரி ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, பேச்சு வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஜாஃபர் சாதிக்கைக் கூப்பிட்டாள்.

அவர் மன்னார்குடிப் பக்கத்தில் மிஷினோடு நின்றார். நாளைக்கு ஒரு வேலி நிலம், இருபது மா, பேசியாகிவிட்டது, அதை முடிக்காமல் நகர முடியாது என்றார். காத்தாயி கெஞ்சினாள். வீட்டுக்காரர் உடம்பு விஷயம் அவருக்கும் தெரியும். கடைசியில் ஏதாவது வழி இருந்தால் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"அண்ணங்கிட்ட மட்டும் மூச்சு வுட்டுறாத தம்பி. மழைன்னு தெரிஞ்சா கெளம்பிடுவாரு. அந்த வெள்ளாமைய விட எனக்கு அவருதான் முக்கியம்."

ஜாஃபர் சாதிக் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரிக்கா," என்றார்.

வெளியே வந்தபோது இளையபெருமாள் நடை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். தலையும் நனையவில்லை, புடவையும் மாறவில்லை என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே திருக்கடையூரில் இருந்தார்கள். கோயில் பிரகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாக வயசான ஜோடிகள். ஒரு பக்கம் அறுபது, இன்னொரு பக்கம் எண்பது. ஹோமப் புகையில் எல்லோருக்கும் கண் கரித்தது. காத்தாயி கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்தாளே தவிர அவள் காது கயல்விழியின் கைப்பையில் இருந்தது. அதற்குள்தான் காத்தாயியின் போன். கலசத் தண்ணீரைப் பிள்ளைகள் இருவரும் தலையில் ஊற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியபோது அவளுக்குச் சாய்ந்த கதிர்தான் ஞாபகம் வந்தது. உடம்பு ஒருமுறை நடுங்கியது. இளையபெருமாள் பக்கவாட்டில் திரும்பிக் குளிருதா என்று மெதுவாகக் கேட்டார். தாலி கட்டும்போது அவர் விரல் நடுங்காமல் மூன்று முடிச்சையும் போட்டார். முதல் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சை அவர் அக்காதான் போட்டாள். இந்தத் தடவை எல்லாம் அவருடையது. கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது வெயில் இருந்தது. ஆனால் தென்கிழக்கில், வெகு தூரத்தில், சாம்பல் பூசினாற்போல ஒரு கரை. இளையபெருமாளும் அதைப் பார்த்தார். காத்தாயியும் பார்த்தாள்.

மதியச் சாப்பாடு ஓட்டலில். வாழையிலை போட்டு, விரால்மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கெட்டித் தயிர் என்று அடுக்கினார்கள். மீனில் முள் இல்லாமல் எடுத்திருந்தார்கள். முள் இல்லாத மீனைச் சாப்பிடும்போது வாய்க்கு வேலையே இல்லாத மாதிரி இருப்பதாக இளையபெருமாள் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். சாப்பாடு ஆனதும் அவரைக் கொஞ்ச நேரம் தூங்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு அவரவர் அறைக்குப் போனார்கள். அவரும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார். காத்தாயி கட்டிலின் அந்த ஓரத்தில் படுத்து, அவர் மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து குளியலறைக்குள் போனாள்.

ஜாஃபர் சாதிக் பலமுறை கூப்பிட்டிருந்தார். அவள் திரும்பக் கூப்பிட்டாள். மன்னார்குடிக்காரர் வயலில் கதிர் இன்னும் பச்சையாக இருப்பதால் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டாராம். மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு கீழச்செறுவூருக்கு வந்தே விட்டார். சாலையில் நிற்கிறார். காத்தாயி உள்ளூர் சாமி, திருக்கடையூர் சாமி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கும்பிட்டாள். வடக்கு வாய்க்கால் வழியாக மிஷினை இறக்கச் சொன்னாள்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அக்கா, நீங்க வடக்கங்குறீங்க. அண்ணன் தெக்கு வரப்போட எறக்குங்குறாரு. நான் யாரு பேச்சக் கேக்குறது?"

"எந்த அண்ணன்?"

"ஒங்க வீட்டுக்காரருதான். நேத்துலேர்ந்து வேற ஒரு நம்பர்லேர்ந்து கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. மழ வருதுன்னு அங்க தோட்டத்துல யாரோ சொன்னாங்களாம். அக்காகிட்ட சொல்லாத, பயந்துரும்னாரு. நீங்க அவருகிட்ட சொல்லாதங்குறீங்க. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவச் சொல்லுங்கக்கா. லாரிக்காரரு போவணும்னு நிக்கிறாரு."

கதவைத் திறந்துகொண்டு அறைக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. தலையணையைப் போர்வைக்குள் வைத்து மூடியிருந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஏய்க்கிற பிள்ளை மாதிரி.

வராண்டாவில் இல்லை. தோட்டத்தில் இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்குகிற படித்துறையில் உட்கார்ந்திருந்தார். காதில் யாருடையதோ ஒரு போன். பக்கத்தில் தோட்டக்காரர் சாரங்கபாணி, பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வயலில் தனக்கும் பங்கு இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் திட்டு தெரிந்தது.

"தெக்கு வரப்போட எறக்கு ஜாபரு. வடக்க வேணாம். வாய்க்கா பாலம் தாங்காது."

"தெக்கால எறக்குனா மிஷினு பொதஞ்சிரும்ங்க," என்றாள் காத்தாயி.

இளையபெருமாள் திரும்பினார். சாரங்கபாணி இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, போனைக்கூடத் திரும்பக் கேட்காமல், பூவாளியோடு மேலே ஏறிப் போனார்.

"நீ தூங்குறேன்னு நெனச்சேன்," என்றார் இளையபெருமாள்.

"நீங்க தூங்குறீங்கன்னுதான் நான் குளிக்கிற ரூம்ல ஒக்காந்து பேசிக்கிட்டிருந்தேன்."

அவர் முகத்தில் கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "தெக்கால ஏன் பொதையும்?"

"மேல வயக்காரரு போன வாரம் தண்ணிய வடிச்சு வுட்டாரு. எல்லாம் நம்ம தெக்கு மூலையில வந்து நிக்கிது. கால வச்சா முட்டி வரைக்கும் எறங்குது."

"யாரு காலு?"

காத்தாயி ஆற்றைப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கு எழுந்து பறந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தது.

"ஒன்னத்தான் கேக்குறேன். யாரு காலு எறங்குச்சு?"

"எங்காலுதான்."

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. கொழுந்தன் கார்த்திகையிலேயே திருப்பூர் போனதையும், ராஜாத்தியும் அவளுமாக இரண்டு வயலையும் பார்த்ததையும், புல் அறுக்கிற சாக்கில் போய் வந்ததையும் சொல்லி முடித்தாள். வடக்கு வாய்க்காலில் பழைய பாலத்தை எடுத்துவிட்டுப் பஞ்சாயத்தில் புதுசாகச் சிமெண்டுக் குழாய் போட்டு மூடிவிட்டார்கள், டிராக்டரே அதன் மேல்தான் போகிறது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கையில் இருந்த போனுக்குள் ஜாஃபர் சாதிக் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இளையபெருமாள் அதை மெல்லக் காதுக்குக் கொண்டுபோனார்.

"ஜாபரு. அக்கா சொல்றாப்புல எறக்கு. இந்த வருசம் வெள்ளாம அவளுது."

காத்தாயி அவருக்கு மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கார்த்திகையிலிருந்து முதுகில் கட்டியிருந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

மிஷின் வடக்கே இறங்கிவிட்டது என்று ராஜாத்தி கூப்பிட்டுச் சொன்னாள். போனை வரப்பிலேயே வைத்துவிட்டுப் போனாளோ என்னவோ, இணைப்பு அறுபடாமல் மிஷின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காத்தாயி போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியில் வைத்தாள். இளையபெருமாள் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். மிஷின் இழுத்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால் கதிர் நல்ல கனம் என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். மூன்று மாதமாகப் பொய்ப் பதில் வாங்கிய கேள்விகளையே மறுபடி கேட்டார். இந்தத் தடவை அவள் நடந்ததைச் சொன்னாள். மார்கழியில் தூரில் புகையான் பூச்சி விழுந்து, பயிர் வட்டம் வட்டமாகக் காயத் தொடங்கியதைச் சொன்னாள். தண்ணீரை வடித்து, பயிரை விலக்கிப் பாதை போட்டு, தூர் நனைய மருந்து அடித்தார்கள். ராஜாத்தி தெளிப்பானை முதுகில் மாட்டியதும் வாய்க்காலில் வழுக்கி உட்கார்ந்த கதையைச் சொன்னபோது இளையபெருமாள் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

"தம்பி பாக்குறான், தம்பி பாக்குறான்னு நீ சொல்லுறப்பல்லாம் எனக்கு ஒரு ரோசன. அவன் இவ்வளவு சீரா வேல பாக்குறவன் இல்லையேன்னு," என்றார்.

மாத்திரை டப்பாவோடு அப்பாவைத் தேடிக்கொண்டு வந்த கயல்விழி, படித்துறையில் இருவரும் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். என்ன ஏது என்று புரிந்ததும் முதலில் கோபப்பட்டாள். யாருக்காக இவ்வளவு ஏற்பாடு செய்தோம் என்று கேட்டாள். அப்பா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, உட்காரம்மா என்றார். மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எத்தனை மா முடிந்தது என்று அவளும் கேட்கத் தொடங்கிவிட்டாள்.

வெயில் மங்கியது. தென்கிழக்குச் சாம்பல் மேலேறிப் பாதி வானத்தைப் பிடித்திருந்தது. மிஷின் கடைசி இரண்டு மாவில் திரும்பியபோது ராஜாத்தி போனை எடுத்தாள்.

"அக்கா, இங்க தூற ஆரம்பிச்சிருச்சு." பின்னால் யாரோ தார்ப்பாய், தார்ப்பாய் என்று கத்தினார்கள். ராஜாத்தி இன்னும் ஏதோ சொன்னாள். பாதியில் குரல் அறுந்தது.

காத்தாயி திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. ஜாஃபர் சாதிக்குக்கும் போகவில்லை. கயல்விழி தன் போனிலிருந்து முயன்றாள். எந்த எண்ணுக்கும் மணியே அடிக்கவில்லை. அங்கே மழை பிடித்துக்கொண்டதும் டவர் போய்விட்டது போல.

இளையபெருமாள் எழுந்தார். ஒரு படி ஏறினார், ஒரு படி இறங்கினார். டிரெய்லரில் கொட்டிய நெல் நனைந்தால் அத்தனையும் ஒரே நாளில் சூடு ஏறிக் கெட்டுவிடும். கார் எடுத்தால் எவ்வளவு நேரத்தில் போய்விடலாம் என்று கயல்விழியைக் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

காத்தாயி அவர் கையைப் பிடித்தாள். பொது இடத்தில் அவர் கையை அவள் இதற்கு முன் பிடித்ததில்லை, இரண்டு கல்யாணத்திலும் அக்னியை வலம் வந்தபோதைத் தவிர. "ஒக்காருங்க," என்றாள். "நெல்லு நனஞ்சா நனஞ்சிட்டுப் போவுது. இன்னொரு போகம் போடலாம். நீங்க அன்னிக்கு வரப்புல சாஞ்ச மாதிரி இன்னொரு தரம் சாஞ்சா நான் என்னத்தப் போட்டு முளைக்க வைக்கிறது?"

அவர் உட்கார்ந்தார். கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக் காற்றில் ஈர மண் வாசனை வந்தது. சாரங்கபாணி மேலே நின்று எட்டிப் பார்த்து, என்னாச்சு என்று கையால் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்று இளையபெருமாள் கையால் பதில் சொன்னார்.

போன் அடித்தபோது மூன்று கைகள் நீண்டன. ஜாஃபர் சாதிக். டவருக்காகத் திருவாரூர் சாலை வரைக்கும் வந்து பேசுகிறாராம்.

"முடிஞ்சிருச்சுக்கா. ஏழு மாவும் முடிஞ்சிருச்சு. நெல்லக் கொண்டாந்து சமுதாயக் கூடத்துல கொட்டியாச்சு. மேலாக ஒரு கை நெல்லுதான் ஈரம், மத்ததெல்லாம் காஞ்சது. ராஜாத்தியக்கா வெளக்குமாத்த வச்சுக்கிட்டு ஒருத்தரையும் உள்ள வுடாம நிக்கிறாங்க. வைக்கோலு மட்டும் நனஞ்சு போச்சு."

"வைக்கோலு கெடக்கட்டும் தம்பி," என்றாள் காத்தாயி. போனை இளையபெருமாளிடம் கொடுத்தாள். அவர் வாங்கி, நல்லாருப்பா, நல்லாரு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கயல்விழி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இளம்பரிதி தூங்கி எழுந்து, கலைந்த தலையோடு இறங்கி வந்து, என்ன விஷயம், ஏன் எல்லோரும் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டான்.

மழை ஆற்றின் மேல் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினார்கள். வராண்டாவில் ஏறுவதற்குள் முதல் பாட்டம் பிடித்துக்கொண்டது. தென்னை மட்டைகள் சடசடத்தன. பங்களா ஓடுகளிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. வானதி பிரம்பு நாற்காலிகளைச் சாரல் படாமல் உள்ளே இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க வாழைக்காய் பஜ்ஜியும் டபரா செட்டில் காப்பியும் வந்தன. இளையபெருமாள் சாரங்கபாணியைக் கூப்பிட்டு, அவருடைய போனைத் திரும்பக் கொடுத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார மாட்டேன் என்றார். பிறகு வராண்டாப் படியோரமாக நின்றுகொண்டே ஒரு பஜ்ஜியை வாங்கிக்கொண்டு, தன் வயலில் போன வாரமே அறுத்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார்.

தை மழை என்றால் காத்தாயிக்கு வயிற்றில் நெருப்பு என்றுதான் இத்தனை வருஷமும் அர்த்தம். நடுராத்திரியில் கூரையில் முதல் சொட்டு விழுந்ததும் இருவரும் எழுந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு அதே மழை வெள்ளைக்காரன் வீட்டு முற்றத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது. புல்வெளி நிறைந்து, பாதையில் ஓடி, ஆற்றுக்கு இறங்கியது. அது கெடுக்க இவர்களுடையது ஒன்றும் வெளியில் இல்லை. ராஜாத்தி வயல் போன வாரமே அறுத்தாகிவிட்டது. மன்னார்குடிக்காரரின் பச்சைக் கதிர் நினைவுக்கு வந்து அவள் மனசு ஒரு நிமிஷம் கனத்தது. பச்சையாக இருப்பதால் சாயாமல் நின்றுகொள்ளும் என்று சொல்லிக்கொண்டாள்.

இளையபெருமாள் காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. காத்தாயி சட்டென்று எட்டி அவர் மூக்கருகே கையை வைத்தாள்.

"இருக்கேன், இருக்கேன்," என்றார் கண்ணைத் திறக்காமல். "சத்தத்தக் கேட்டுக்கிட்டிருக்கேன். நல்லாருக்கு."

கயல்விழி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "நாளைக்குக் காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும்ப்பா? வண்டிக்குச் சொல்லணும்."

"மழ விடட்டும்மா," என்றார் இளையபெருமாள். "இப்ப என்ன அவசரம்."

கயல்விழி அண்ணனைப் பார்த்தாள். இளம்பரிதி அம்மாவைப் பார்த்தான். காத்தாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை இழுத்து, சூடு ஆறுவதற்குள் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள்.